ஓடும், ஒழுகும், நடக்கும், நிற்கும்: ‘ரன்’ என்ற ஒரு சொல்

பள்ளி மாணவி ஒருத்திக்குச் சில மாதங்கள் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். பாடத்தில் ‘ஹி இஸ் ரன்னிங் எ ஃபீவர்’ என்று ஒரு வரி வந்தது. அதை அவள் ‘அவன் காய்ச்சலோடு ஓடிக்கொண்டிருக்கிறான்’ என்று தமிழில் எழுதியிருந்தாள். அதோடு விடவில்லை. ‘ரன்னிங்’ என்ற சொல்லைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, ஓரத்தில் ‘ஏன் ஓடுகிறான்?’ என்றும் எழுதி வைத்திருந்தாள்.

அந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்துப்போனது. அகராதியைப் பார்த்திருக்கிறாள், ‘ரன்’ என்றால் ஓடு. வாக்கிய அமைப்பைக் கவனித்திருக்கிறாள், செயல் நடந்துகொண்டிருக்கிறது. எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் விடை மட்டும் பொருந்தவில்லை என்பது அவளுக்கே தெரிந்திருக்கிறது. பிழை அவளுடையது அல்ல. ‘ரன் என்றால் ஓடு’ என்று சின்ன வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் நாம், பிறகு அந்தச் சொல்லின் பக்கமே திரும்புவதில்லை. அது பழைய பாடம், எளிய சொல், எல்லோருக்கும் தெரியும் என்று கடந்துவிடுகிறோம். உண்மையில் ஆங்கிலத்தில் நம்மைத் தடுக்கிவிடுபவை நீளமான, கடினமான சொற்கள் அல்ல. நீளமான சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான். அகராதியில் ஒருமுறை பார்த்தால் முடிந்தது. ரன், செட், கெட், டேக், புட் போன்ற மூன்றெழுத்து, நான்கெழுத்துச் சொற்கள்தாம் இடத்துக்கு இடம் முகம் மாறுகின்றன. அவற்றில் ‘ரன்’னை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒரு சொல்லை நன்றாகப் பிரித்துப் பார்த்துவிட்டால் மற்றவற்றை அணுகும் வழியும் பிடிபட்டுவிடும்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். ஆங்கில அகராதிகளில் மிகப் பெரியது ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. 1989இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில், மிக அதிகப் பொருள்கள் கொண்ட சொல் ‘செட்’. 430 பொருள்கள், அவற்றை விளக்க மட்டும் ஏறக்குறைய 60,000 சொற்கள். ஒரு நாவல் எழுதிவிடலாம். அடுத்த பதிப்புக்கான வேலையில் ‘ரன்’ அதை முந்திவிட்டது. வினைச்சொல்லாக மட்டுமே அதற்கு 645 பொருள்கள் என்ற கணக்கு 2011இல் வெளியே வந்தது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் அந்த ஒரு சொல்லோடு சுமார் ஒன்பது மாதங்கள் மல்லுக்கட்டியிருக்கிறார்.

645 என்றதும் மலைத்துப்போக வேண்டியதில்லை. பொருளை எண்ணுவது மாம்பழங்களை எண்ணுவது போன்றது அல்ல. துணியை எத்தனை துண்டாக வெட்டுகிறோம் என்பது போன்றது. ஆறு ஓடுகிறது, குழாயில் தண்ணீர் வருகிறது, மூக்கு ஒழுகுகிறது. மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ‘ரன்’ போதும். இதை ஒரு பொருள் என்று வைப்பதா, மூன்று என்று வைப்பதா? பெரிய அகராதி ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்து, அது முதலில் எந்த ஆண்டில் எங்கே எழுத்தில் வந்தது என்று தேடுகிறது. கையடக்க அகராதி மூன்றையும் ஒரே வரியில் முடித்துவிடுகிறது. ஆகவே எண் முக்கியம் இல்லை. அத்தனை பொருள்களும் ஒன்றோடொன்று எப்படி ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்பதுதான் முக்கியம்.

ஒரே ஒலி, ஒரே சொல்

இங்கே ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் ‘பேட்’ என்றால் கிரிக்கெட் மட்டை, வௌவாலும் ‘பேட்’தான். இவை இரண்டும் ஒரு சொல்லின் இரண்டு பொருள்கள் அல்ல. வேறு வேறு வழியாக வந்த இரண்டு சொற்கள். காலப்போக்கில் ஒலி ஒன்றாகிவிட்டது, அவ்வளவுதான். மட்டையை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் வௌவால் புரியாது. தமிழில் கால்களால் ஓடுவதும் ‘ஓடு’, ஆமையின் முதுகில் இருப்பதும் ‘ஓடு’. தேர்தலில் போடும் ‘ஓட்டு’ ஆங்கிலத்திலிருந்து வந்தது; வண்டி ‘ஓட்டு’ நம்முடையது. எழுத்தில் ஒன்றாகத் தெரிந்தாலும் இவற்றுக்குள் உறவு இல்லை.

‘ரன்’ அப்படி அல்ல. அதன் பொருள்கள் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. இரண்டு பொருள்களை எடுத்து அருகருகே வைத்தால் தொடர்பே இல்லாததுபோல் தோன்றும். இடையில் இருக்கும் பொருள்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் வழி தெரிந்துவிடும். இந்த வழியைப் பார்க்கக் கற்றுக்கொண்டவர்கள் 645 பொருள்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

தமிழர்களான நமக்கு இதில் பெரிய வசதி ஒன்று இருக்கிறது. நம் ‘ஓடு’ என்ற சொல்லும் கால்களோடு நின்றுவிடவில்லை. ஆறு ஓடுகிறது. ரயில் ஓடுகிறது. கடிகாரம் ஓடுகிறது. படம் நூறு நாள் ஓடுகிறது. பொழுது ஓடுகிறது. சுவரில் ஒரு விரிசல் ஓடுகிறது. மனத்தில் ஓர் எண்ணம் ஓடுகிறது. வேறு சமயம் மண்டையில் ஒன்றும் ஓடவில்லை. இத்தனை இடங்களிலும் ஆங்கிலத்தில் ‘ரன்’ அப்படியே பொருந்தும், அல்லது மிக அருகில் வரும். உறவில்லாத இரண்டு மொழிகள், ஓடுவதற்கான சொல்லை இவ்வளவு ஒத்த திசைகளில் நீட்டியிருக்கின்றன என்றால், அது மனிதர்கள் உலகத்தைப் பார்க்கும் விதத்திலேயே இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. நிற்காமல், தடைபடாமல், ஒரு வழியில் போய்க்கொண்டே இருப்பது: ‘ரன்’, ‘ஓடு’ இரண்டின் நடுவிலும் இருக்கும் படம் இதுதான்.

சுவரில் விரிசல் ஓடுகிறது என்றேனே, அதைச் சற்று நின்று பார்க்கலாம். விரிசல் நகரவில்லை. ‘தி ரோடு ரன்ஸ் அலாங் தி ரிவர்’ என்றால் சாலையும் நகரவில்லை. அது ஆற்றை ஒட்டிக் கிடக்கிறது. ஓடுவது நம் கண். சாலையின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்வை ஓடுகிறது, அந்த ஓட்டத்தைச் சாலைக்குக் கொடுத்துவிடுகிறோம். லெனார்டு டால்மி என்ற மொழியியலாளர் இதைக் கற்பனை இயக்கம் என்ற பொருளில் பெயரிட்டு ஆராய்ந்திருக்கிறார். காலத்துக்கும் இதே கணக்குதான். ‘தி கான்ட்ராக்ட் ரன்ஸ் ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்றால் ஒப்பந்தம் மூன்றாண்டு நீளத்துக்குக் கிடக்கிறது. சாலை இடத்தில் நீளுவதுபோல் இது காலத்தில் நீளுகிறது.

மூக்கு ஏன் ஓடுகிறது?

சளி பிடித்தவரைப் பார்த்து ‘யுவர் நோஸ் இஸ் ரன்னிங்’ என்பார்கள். கால்களிலிருந்து தொடங்கினால் இது மிகத் தொலைவு வந்ததுபோல் தெரியும். ஆனால் இந்தச் சொல் கால்களிலிருந்து மட்டும் தொடங்கியதா என்பதே கேள்வி. பழைய ஆங்கிலத்தில் இதன் முன்னோர் ‘ரின்னன்’. ஆங்கிலத்தின் நெருங்கிய உறவுமொழியான ஜெர்மனில் இன்றும் ‘ரின்னன்’ என்ற சொல் இருக்கிறது. அதற்கு ஒழுகு, வழிந்தோடு என்றுதான் பொருள். ஓடுவதற்கு அவர்கள் ‘ரென்னன்’ என்று சற்று வேறான வடிவத்தை வைத்திருக்கிறார்கள். அதாவது நீர் ஒழுகுவதும் கால்கள் ஓடுவதும் இந்தக் குடும்பத்தில் மிகப் பழைய காலத்திலிருந்தே சேர்ந்தே இருக்கின்றன. மூக்கு ஒழுகுவதற்கு ‘ரன்’ என்று சொல்வது யாரோ பின்னாளில் செய்த கற்பனை அல்ல.

இதைத் தெரிந்துகொண்டால் ஒரு பெரிய கொத்துப் பொருள்கள் ஒரே பிடியில் வந்துவிடும். கண்ணீர் வழிவது, குழாய் திறந்துகிடப்பது, துவைக்கும்போது சாயம் இறங்குவது, சுவரில் அடித்த வண்ணம் காய்வதற்குமுன் கீழே வழிவது எல்லாம் ‘ரன்’. குளியல் தொட்டியில் நீர் நிரப்புவது ‘ரன் எ பாத்’. தமிழில் ஒவ்வொன்றுக்கும் வழி, ஒழுகு, இறங்கு, நிரப்பு என்று தனித்தனி வினை வைத்திருக்கிறோம். அந்த வசதி நம்மிடம் இருப்பதால்தான், ஆங்கிலம் ஒரே சொல்லால் சமாளிக்கும்போது நமக்குத் திகைப்பாக இருக்கிறது.

பழைய ஆங்கிலத்தைப் பற்றிச் சொல்லும்போது இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். எனக்கு இந்தச் சொல்லின் கதையில் மிகவும் பிடித்த பகுதி அதுதான். அந்தக் காலத்தில் ‘ரின்னன்’ தானாக ஓடுவதைக் குறித்தது. ஓடச்செய்வதற்கு, குதிரையை விரட்டிச் செல்வதற்கு ‘ஏர்னன்’ என்று தனி வினை இருந்தது. தமிழில் ஓடு, ஓட்டு, ஆடு, ஆட்டு, கூடு, கூட்டு என்று ஓர் ஒற்றைக் கூட்டித் தன்வினையைப் பிறவினை ஆக்குகிறோம் அல்லவா? அதேபோன்ற இணை அவர்களிடமும் இருந்தது. பிறகு இரண்டும் கலந்து ‘ரன்’ என்ற ஒரே வடிவம் ஆகிவிட்டன. அதனால்தான் இன்றைக்கு இயந்திரம் ஓடினாலும் ‘ரன்’, ஒருவர் அதை ஓட்டினாலும் ‘ரன்’. நாம் ஓடு, ஓட்டு, ஓட்டம் என்று மூன்று வடிவங்களில் பிரித்து வைப்பதை ஆங்கிலம் ஒரே அச்சில் வார்க்கிறது. பொருள்களின் எண்ணிக்கை பெருகியதற்கு இது ஒரு முதன்மையான காரணம்.

அப்படியானால் ‘ரன்’ வரும் எந்த வாக்கியத்திலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: அதற்குப் பின்னால் நேரடியாக ஒரு பெயர்ச்சொல் நிற்கிறதா? ‘தி மெஷின் ரன்ஸ்’ என்றால் இயந்திரம் ஓடுகிறது. ‘ஹி ரன்ஸ் தி மெஷின்’ என்றால் அவர் அதை இயக்குகிறார். பின்னால் ஒரு பெயர்ச்சொல் வந்து நின்றவுடன் ஓடு என்பதை விட்டு ஓட்டு, இயக்கு, நடத்து என்ற பக்கம் போய்விட வேண்டும். பாதிச் சிக்கல் இங்கேயே தீர்ந்துவிடும்.

அவர்கள் ஓட, நாம் நடக்க

நீராவி இயந்திரமும் ரயிலும் வந்தபோது, அவற்றின் வேலையைச் சொல்ல ஆங்கிலத்துக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. நிற்காமல், சீராக, ஒரே வழியில் போவது என்ற படம் ஏற்கெனவே ‘ரன்’னில் இருந்தது. தண்டவாளத்தில் ரயிலுக்கும் தொழிற்சாலையில் எந்திரங்களுக்கும் அது பொருந்திவிட்டது. இருபதாம் நூற்றாண்டில் கம்ப்யூட்டர் வந்தது. நிரலை இயக்குவதற்கும் அதே சொல். ஒவ்வொரு புதுக் கருவியும் இந்தச் சொல்லுக்குச் சில புதுப் பொருள்களைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது.

இப்போது ஒரு சங்கிலியைப் பாருங்கள். எந்திரம் ஓடுகிறது. ஒருவர் அந்த எந்திரத்தை ஓட்டுகிறார். பல எந்திரங்கள் உள்ள தொழிற்சாலையை ஒருவர் ஓட்டுகிறார், அதாவது நிர்வகிக்கிறார். எந்திரமே இல்லாத ஒரு பள்ளியை ஒருவர் நிர்வகிக்கிறார். ஒவ்வொரு படியும் சிறியது. ஏறுவது தெரியாமலே ஏறிவிடுகிறோம். முதல் படியையும் கடைசிப் படியையும் மட்டும் பார்த்தால், ‘ஷி ரன்ஸ் எ ஸ்கூல்’ என்பதற்கும் ஓடுவதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும்.

இந்த இடத்தில்தான் தமிழ் வேறு பாதையில் போகிறது, அதுவும் எவ்வளவு அழகாகப் போகிறது! பள்ளியை நாம் ஓட்டுவதில்லை, நடத்துகிறோம். நட என்பதன் பிறவினைதான் நடத்து. நிறுவனத்தை நடத்துகிறோம், கூட்டத்தை நடத்துகிறோம், குடும்பத்தை நடத்துகிறோம். ‘ஓட்டு’ என்று சொன்னால் பொருளே மாறிவிடுகிறது: ‘ஏதோ குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறேன்’ என்பவர் சிரமப்படுகிறார் என்று அர்த்தம். ஆங்கிலம் ஓட வைப்பதைத் தமிழ் நடக்க வைக்கிறது.

தேர்தலில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அமெரிக்காவில் ஒருவர் அதிபர் பதவிக்கு ‘ரன்’ செய்கிறார். போட்டி அங்கே ஓட்டப்பந்தயம். பிரிட்டனில் அதே வேட்பாளர் ‘ஸ்டேண்ட்’ செய்கிறார். நாமும் தேர்தலில் நிற்கிறோம். ஒரே செயலை ஒரே மொழி பேசும் இரண்டு நாடுகளில் ஒன்று ஓட்டமாகவும் மற்றது நிற்பதாகவும் பார்க்கின்றன. அமெரிக்கச் செய்தியை மொழிபெயர்க்கும்போது ‘அதிபர் பதவிக்கு ஓடுகிறார்’ என்று எழுதிவிடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ‘செய்தித்தாள் அந்தக் கட்டுரையை ஓட்டியது’ என்ற வகை வரிகள் இன்றும் கண்ணில் படுகின்றன. ‘தி பேப்பர் ரேன் தி ஸ்டோரி’ என்றால் வெளியிட்டது என்றுதான் பொருள்.

நம் காய்ச்சல்காரப் பையனுக்கு வருவோம். ‘ரன்னிங் எ ஃபீவர்’ என்றால் உடம்பில் காய்ச்சல் தொடர்ந்துகொண்டிருக்கிறது. நிற்காமல் தொடர்வது என்ற படத்தின் ஒரு கிளை. நாம் இதைக் காய்ச்சல் அடிக்கிறது என்போம். தமிழ் கற்க வந்த ஒருவர் ‘அடி’ என்றால் கையால் அடிப்பது என்று மட்டும் தெரிந்துகொண்டு இந்த வாக்கியத்தைப் படித்தால், ‘காய்ச்சல் யாரை அடிக்கிறது?’ என்று ஓரத்தில் எழுதத்தான் செய்வார். வெயில் அடிக்கிறது, மணி அடிக்கிறது, வாசம் அடிக்கிறது, சுவருக்கு வண்ணம் அடிக்கிறோம். இதைச் சொன்னபோது அந்த மாணவியின் முகம் தெளிந்ததை இன்னும் மறக்கவில்லை. தன் மொழியில் தினமும் தானே செய்வதைத்தான் ஆங்கிலமும் செய்கிறது என்று தெரிந்தவுடன், அந்தச் சொல்லின் மேல் இருந்த அச்சம் போய்விட்டது.

ஒட்டிக்கொண்டு வரும் சின்னச் சொற்கள்

இன்னொரு பெருங்கூட்டம், ‘ரன்’னோடு அவுட், ஓவர், இன்டு, டவுன், அப், த்ரூ, ஆஃப் போன்ற சிறுசொற்கள் ஒட்டி வரும் தொடர்கள். இவற்றை இரண்டு சொற்களாகப் பார்க்கக் கூடாது. ஒட்டிய பிறகு அது புதுச் சொல். தமிழில் ‘ஓடிப்போனார்கள்’ என்றால் வேகமாகப் போனார்கள் என்று மட்டும் பொருள் அல்ல. வீட்டுக்குத் தெரியாமல் திருமணம் செய்துகொள்ளப் போய்விட்டார்கள் என்பதும் அதில் உண்டு. ‘ஓடி’யையும் ‘போ’வையும் தனித்தனியே அகராதியில் பார்த்தால் அந்தக் கதை கிடைக்காது. இவையும் அப்படித்தான்.

‘ரன் அவுட்’ என்றால் தீர்ந்துபோவது. ஒரு பண்டம் வெளியே ஓடி ஓடி உள்ளே ஒன்றும் இல்லாமல் ஆவது என்று நினைத்தால் மறக்காது. காகிதம் தீரலாம், பணம் தீரலாம், நேரம் தீரலாம், பொறுமையும் தீரலாம். ‘ரன் டவுன்’ என்றால் பேட்டரிக்குச் சக்தி இறங்குவது, கட்டடத்துக்குப் பாழடைவது, மனிதருக்கு உடம்பு தளர்வது. ஒருவர் இன்னொருவரை ‘ரன் டவுன்’ செய்தால் மட்டம் தட்டிப் பேசுகிறார். எல்லாவற்றிலும் கீழிறங்குவது என்ற ஒன்று இருக்கிறது. ‘ரன் அப்’ என்றால் கடன் ஏறுவது. ‘ரன் த்ரூ’ என்றால் ஒத்திகைபோல் தொடக்கம் முதல் கடைசிவரை ஒருமுறை போய்வருவது. ‘ரன் ஓவர்’ என்றால் ஒருவர்மேல் வண்டி ஏறுவது. கூட்டம் நேரம் கடந்து நீண்டாலும் அதே தொடர்தான். ‘ரன் இன்டு’ என்றால் எதிர்பாராமல் சந்திப்பது, மோதுவது இரண்டும்.

சில இடங்களில் ‘ரன்’ வெறும் ‘ஆகு’ என்ற அளவுக்கு மெலிந்துவிடும். ‘தி வெல் ரேன் ட்ரை’ என்றால் கிணறு வற்றிவிட்டது. ‘ரன்னிங் லேட்’ என்றால் தாமதமாகிறது. இங்கே ஓட்டத்தைத் தேட வேண்டாம். அடுத்து வரும் சொல்லே முழுப் பொருளையும் சுமக்கிறது.

பெயர்ச்சொல்லாக இதை நமக்கு அறிமுகப்படுத்தியது கிரிக்கெட். ஆடுகளத்தின் 22 கஜ நீளத்தை இருவர் ஓடிக் கடந்தால் ஒரு ரன். பதினெட்டாம் நூற்றாண்டில் இதைக் குச்சியில் வெட்டுக் குறி போட்டு எண்ணினார்கள். அதனால் அந்த வெட்டுக்குறியின் பெயரே எண்ணிக்கையின் பெயராகவும் இருந்தது. இன்றைய ஆட்டத்தில் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் யாரும் ஓடாமலே நான்கோ ஆறோ ரன்கள் சேர்ந்துவிடுகின்றன. ஓடுவது என்ற செயலிலிருந்து அந்தச் சொல் கழன்று வெறும் எண்ணாகிவிட்டதை, பொருள் எப்படி நகர்கிறது என்பதை, நாம் ஒவ்வோர் ஆட்டத்திலும் கண்ணால் பார்க்கிறோம். நம் செய்தித்தாள்களும் ‘ஓட்டங்கள்’ என்று மொழிபெயர்த்து அதே வழியில் வந்துவிட்டன.

வங்கித் துறையிலும் ஒரு ‘ரன்’ உண்டு. ஒரு வங்கி நொடித்துவிடும் என்ற பேச்சு பரவி, பணம் போட்டவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அதைத் திரும்ப எடுக்க வருவது. 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தன் ராக் வங்கிக் கிளைகளின் வாசலில் அது நடந்தது. படங்களைப் பார்த்தால் ஒருவரும் ஓடவில்லை; மணிக்கணக்காக வரிசையில் பொறுமையாக நின்றுகொண்டிருக்கிறார்கள். ஓடியது மனிதர்கள் அல்ல, அவர்களுடைய நம்பிக்கையும் பணமும்.

மா பூத்தது

இத்தனை பொருள்களில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு மிகச் சிறந்த விடை தமிழிலேயே இருக்கிறது. தொல்காப்பியம் பல பொருள் ஒரு சொல்லைப் பற்றித் தனியே பேசுகிறது. அப்படிப்பட்ட சொல்லின் பொருள் வினையாலும், இனத்தாலும், சார்பாலும் விளங்கும் என்கிறது. உரைகளில் இதற்கு எடுத்துக்காட்டாக வரும் சொல் ‘மா’. அது மாமரமாகவும் இருக்கலாம், குதிரையாகவும் இருக்கலாம், வேறு விலங்காகவும் இருக்கலாம். ‘மா பூத்தது’ என்றால் மரம். பூத்தது என்ற வினை சொல்லிவிட்டது. ‘மாவும் மருதும் ஓங்கின’ என்றாலும் மரம். பக்கத்தில் நிற்கும் மருது என்ற இனம் சொல்லிவிட்டது. கவசம் அணிந்து நிற்கும் ஒருவன் ‘மா கொண்டுவா’ என்றால் குதிரை. போருக்குக் கிளம்புகிறவன் என்ற சார்பு சொல்லிவிட்டது.

இந்த மூன்றையும் அப்படியே ‘ரன்’னுக்குப் பொருத்தலாம். ஒரே மாற்றம், ‘மா’ பெயர்ச்சொல். அதற்கு வினை துணை. ‘ரன்’ வினைச்சொல், அதற்குப் பெயர்கள் துணை. எது ஓடுகிறது என்று பாருங்கள்: மூக்கா, மோட்டாரா, ஒப்பந்தமா? பின்னால் எது வருகிறது என்று பாருங்கள்: காய்ச்சலா, பள்ளியா, செய்தியா? அதுவும் போதவில்லை என்றால் யார், எங்கே, எந்தச் சூழலில் பேசுகிறார்கள் என்று பாருங்கள். விளையாட்டுப் பக்கத்தில் வரும் ‘ரன் அவுட்’ ஓர் ஆட்டக்காரரை வெளியேற்றுகிறது. வணிகப் பக்கத்தில் அதே தொடர் கையிருப்பைத் தீர்க்கிறது.

தொல்காப்பியம் இன்னொன்றும் சொல்கிறது. சில இடங்களில் வினை உதவாது. ‘மா வீழ்ந்தது’ என்றால் மரமும் விழலாம், குதிரையும் விழலாம். அங்கே பேசுகிறவர் ‘மாமரம் வீழ்ந்தது’ என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலம் எழுதும்போது இதை மறக்கக் கூடாது. ‘ஐ ரேன் இன்டு மை டீச்சர்’ என்று எழுதினால் ஆசிரியரைச் சந்தித்தீர்களா, அவர்மேல் மோதினீர்களா? ஐயம் வரும் இடத்தில் ‘ரன்’னை விட்டுவிட்டு ‘மெட்’ என்றே எழுதிவிடுங்கள்.

அகராதி பார்ப்பதிலும் ஒரு சின்ன மாற்றம் போதும். ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய அகராதி வரலாற்று முறையில் அமைந்தது. அதில் பழைய பொருள் முன்னால் வரும். மொழி கற்பவர்களுக்கான அகராதிகள் பெரும்பாலும் இன்று அதிகம் வழங்கும் பொருளை முன்னால் வைக்கின்றன. எதிலுமே முதல் பொருள் என்பது உங்கள் வாக்கியத்துக்கு உரிய பொருள் என்று எழுதி ஒட்டியிருக்கவில்லை. ஆகவே பொருள்களை விட்டுவிட்டு, கீழே தந்திருக்கும் எடுத்துக்காட்டு வாக்கியங்களை முதலில் படியுங்கள். உங்கள் வாக்கியத்தில் ‘ரன்’னுக்கு அருகில் நிற்கும் சொல், அல்லது அதன் இனத்தைச் சேர்ந்த ஒரு சொல், எந்த எடுத்துக்காட்டில் இருக்கிறதோ அதுதான் நீங்கள் தேடும் இடம்.

சில வாரங்கள் கழித்து அந்த மாணவி தன் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். பென்சில் வட்டங்கள் இருந்தன. இப்போது அவை ‘ரன்’னைச் சுற்றி இல்லை, அதற்கு அக்கம்பக்கத்தில் நின்ற சொற்களைச் சுற்றி இருந்தன. ஒரு வரிக்கு மட்டும் இரண்டு மொழிபெயர்ப்புகள் எழுதி, நடுவில் கேள்விக்குறி போட்டிருந்தாள். ‘ஷி ரன்ஸ் மாரத்தான்ஸ்’. மாரத்தான் பந்தயங்களில் ஓடுகிறாள் என்று ஒன்று. மாரத்தான் பந்தயங்களை நடத்துகிறாள் என்று இன்னொன்று. இரண்டுமே சரி. எது என்று அந்த வரியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பாடத்தைத் திருப்பி அடுத்த வரியைப் பார்த்தோம். அவளுக்கு இருநூறு தொண்டர்கள் உதவுகிறார்கள் என்று இருந்தது. மாணவி முதல் விடையை அடித்துவிட்டு, ‘தொண்டர்கள்’ என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.